காந்தம் எதோடு நிற்கிறது

சலஸ்பில்ஸில் ஜனவரி.
காரின் பின்னிருக்கையில் மறந்துவிட்ட காலியம்
புட்டிக்குள் கல்லாகிக் கிடந்தது.
வெந்நீரில் இறக்கினேன்.
முப்பது பாகையைத் தொட்டதும்
ஓரங்கள்தான் முதலில் மனம் மாறின.

தொட்டியின் நடுவே செங்குத்தாய் ஒரு தகடு.
சூடேற்றி மேல்நோக்கி இழுப்போம்.
அதை ஒட்டிய உலோகம் சூடாகி, லேசாகி
தானாகவே எழும்.
பம்பு இல்லை, துடுப்பு இல்லை,
கனம் குறைந்தது கிளம்புகிறது, அவ்வளவுதான்.
நாணயத் தடிமன் உள்ள படலத்துக்குள்
இத்தனை அவசரம்.
அதற்கு அப்பால்
தொட்டி முழுக்க யாருக்கும் எதுவும் தெரியாது.

குறுக்கே காந்தம் வைத்தால் வேகம் குறையும்.
ஒன்பது வருடமாய் இதைத்தான் எழுதுகிறேன்.
புலத்தின் கோடுகளைக் கடக்கிற உலோகத்தில்
மின்னோட்டம் பிறக்கும்,
பிறந்த கையோடு
உலோகத்தின் சட்டையைப் பிடித்துப் பின்னிழுக்கும்.
புலம் கூடக் கூட
திரையில் வளைகோடு குனியும்.

செவ்வாய் இரவு அது நிமிர்ந்தது.
புலத்தைக் கூட்டினேன்.
இன்னும் நிமிர்ந்தது.
உணர்வியைச் சந்தேகித்தேன்,
கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகினேன்,
என் கண்ணையே நம்பாமல்
முகம் கழுவி வந்து பார்த்தேன்.
நிமிர்ந்தபடியே இருந்தது.

விடியலில் நீ வந்தாய், வில்னிஸ்.
அலை என்று பெயர் வைத்துக்கொண்டு
அலுங்காமல் பேசுகிறவன்.
பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டியபடி சொன்னாய்:
"காந்தம் கடகடவென்று ஆடியது, காது வலித்தது.
தகட்டை இழுக்கும் சட்டத்தோடு சேர்த்து
நாலு போல்ட் போட்டு முறுக்கிவிட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன்.
பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

தரையில் நின்ற காந்தம்
ஓடுகிற உலோகத்தை நில் என்றது.
தகட்டோடு ஏறுகிற காந்தம்
பின்தங்கும் உலோகத்தை வா என்கிறது.
அதே இரும்பு, அதே விசை.
சமன்பாட்டில் ஒரு கழித்தல் கூடுதல்,
தகட்டின் வேகத்தைக் கழிக்க வேண்டும்.
இத்தனை நாளும் அந்த எண்
பூஜ்யம் என்று நினைத்து
எழுதாமலே விட்டிருந்தேன்.

கட்டுரையில் உன் போல்ட்டுக்கு இடமில்லை.
"புலம் தகட்டோடு நிலைநிறுத்தப்பட்டது"
என்று எழுதிப் பார்த்தேன்.
நல்ல வாக்கியம்.
யார் செய்தது என்று
ஒரு தடயமும் இல்லாத வாக்கியம்.
அடித்துவிட்டேன்.

சன்னலுக்கு வெளியே டௌகவா
கரையோரம் மட்டும் உறைந்திருந்தது.
உன் ரை ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாய்.
வாங்கிக்கொண்டே கேட்டேன்,
உன் குடும்பப் பெயரில்
இரண்டாவது எழுத்து குறிலா, நெடிலா என்று.
எதற்கு என்றாய், மென்றுகொண்டே.