ஐந்நூறு எழுத்துகளுக்குள்

மின்விசிறியை நிறுத்தினால்தான்
காகிதங்களைத் தரையில் பரப்ப முடிகிறது.
மே மாதம். அயனாவரம். மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு.
வியர்வை சொட்டிப் பிறப்புச் சான்றிதழ் நனையாதிருக்க
கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

பாண்டி ஆடுற மாதிரி தாண்டித் தாண்டிப் போ,
எதையும் மிதிக்காதே, என்கிறேன் மகளிடம்.
ஒற்றைக் காலில்
என் பத்தாம் வகுப்பு மதிப்பெண்களைத் தாண்டுகிறாள்,
வங்கிக் கணக்கின் ஆறு மாதங்களைத் தாண்டுகிறாள்,
போலீஸ் சான்றிதழின் ஓரத்தில் தடுமாறி
அம்மாவின் மேல் வந்து நிற்கிறாள்.

அம்மா அயர்லாந்தில், முதியோர் இல்லத்தில், இரவுப் பணி.
இங்கே தரையில் மூன்று பேராகக் கிடக்கிறாள்.
நர்சிங் கவுன்சிலில் மரகதவல்லி.
ரேஷன் கார்டில் மரகதவள்ளி.
வாக்காளர் அட்டையில் மரகதவலி:
ஓர் எழுத்து விட்டுப்போனதில் வலி மட்டும் மிஞ்சியவள்.
மூவரும் ஒருவரே என்று
தை மாத விடுப்பில் வந்தபோது
தம்புச்செட்டித் தெரு நோட்டரி முத்திரை குத்தினார்,
முந்நூறு ரூபாய்க்கு,
அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே.

இனிஷியல்தான் பெரிய பாடு.
வ. என்று எழுதினால் அந்த ஊருக்குப் புரியாது.
புள்ளிக்கு முன்னால் நிற்பது யார் என்று கேட்பார்கள்.
வைரக்கண்ணு.
எனக்குப் பொண்ணே பொறக்கலை என்று
எண்ணெய்க்கடை வாசலில் நின்று
தெருவுக்கே கேட்கும்படி சொன்னவர்.
அங்கே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
நர்ஸ் வைரக்கண்ணு, நாலாம் அறையில் மணி அடிக்கிறது.
இன்று மட்டும் அந்தப் பெயரை
இருபத்து மூன்று இடங்களில் எழுதினேன்,
கட்டத்துக்கு ஓர் எழுத்தாக.
அவர் என் வீட்டில் இவ்வளவு நேரம் இருந்தது
இதுதான் முதல் தடவை.

உறவு உண்மையானது என்பதற்குச் சான்று இணைக்கவும்.
நாலு வருட வாட்ஸப்பில் பன்னிரண்டு பக்கம்.
சாப்டியா. சாப்டேன். பாப்பா தூங்கிட்டாளா.
கேஸ் புக் பண்ணியா. சாப்டியா.
ஒரு முழு மார்ச் மாதம் நாங்கள் பேசவேயில்லை.
அதை எடுக்கவில்லை.
எடுத்திருக்க வேண்டியது அதைத்தானோ என்னவோ.
ஜெராக்ஸ் கடை நூருன்னிசா
படிக்காதது போலப் படித்துவிட்டு
பக்கம் ரெண்டு ரூபா, கலர்னா பத்து, என்றாள்.
கறுப்பு வெள்ளையே போதும் என்றேன்.

கல்யாணப் படம் ஒன்றே ஒன்று.
பதிவு அலுவலகப் படிக்கட்டில் நாலு பேர்.
நாலாமவர் எங்களை ஏற்றி வந்த ஆட்டோக்காரர்,
சாட்சிக்கு ஆள் குறைந்ததால் கையெழுத்துப் போட்டவர்.
பெற்றோர் படத்தில் இல்லையெனில் காரணம் கூறுக,
ஐந்நூறு எழுத்துகளுக்குள்.

முதலில் எழுதியது மூவாயிரத்தைத் தாண்டியது.
அவர் சாதி, என் சாதி,
பூட்டிய கதவு, மூன்று நாள்,
அவள் பின்வாசலில் விட்டுவந்த செருப்பு.
அழித்தேன்.
வர இயலவில்லை என்று எழுதினேன்.
ஆங்கிலத்தில் அது நாலே சொல்.
மீதிக் கட்டம் வெள்ளையாகவே இருக்கட்டும்.

கடைசிப் பக்கத்தில்
மனைவியின் தந்தை பிறந்த தேதி.
அவளுக்கே தெரியவில்லை.
மாமியார் போனில் கிசுகிசுத்தார்:
ஆடி மாசம்ப்பா, வெள்ளம் வந்த வருஷம்.
பின்னாலிருந்து ஒரு குரல்:
வெள்ளமுமில்ல ஒண்ணுமில்ல. அறுபத்தொண்ணு.
ஆகஸ்ட் ஒம்பது.
ஆனா பள்ளிக்கூடத்துல குடுத்தது ஜூன் ஒண்ணு.
ரெக்கார்டுல அதான் இருக்கு,
அதையே போடச் சொல்லு.

யாரிடம் சொல்லச் சொல்கிறார் என்று
யாரும் கேட்கவில்லை.
போனை வைக்கவுமில்லை.
அங்கே ஒரு விசிறி
கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.
துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டு
பூஜ்யம் ஒன்று, பூஜ்யம் ஆறு
என்று ஆரம்பித்தேன்.