ஆறாதிருக்கும் நான்கு மாதம்

ட்ரோம்ஸோவில் செப்டம்பர் மழை
ஜன்னலைச் சாய்வாகக் கீறிக்கொண்டிருந்தது.
ஜனவரியில் காட் மீன் வரும், நான் கடலில் இருப்பேன்,
அதற்குள் முடியுமா என்றான் எய்லர்ட்.
கம்பி மட்டும் போட்டால் இரண்டு வருடம்.

மருத்துவர் சுன்னிவா ஈறில் சிறிதாக ஒரு வழி திறந்தார்.
பிறகு எடுத்தது கத்தியல்ல, நடுங்கும் ஒரு நுனி.
எலும்பென்றால் அறுக்கும்,
மெத்தென்றால் சும்மா இருக்கும்.
உப்புநீர் பீய்ச்சியது. உறிஞ்சுகுழாய் என் கையில்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு கீறல்,
இன்னொன்று, இன்னொன்று.
ஏழாவதில் என் முழங்கையைப் பற்றிக்கொண்டான்.
வலியில்லையாம்.
பனிக்கட்டியை உரசிப் போகும் படகின் சத்தம்
மண்டைக்குள் கேட்டதாம். அப்புறம் சொன்னான்.

எலும்பு ஏமாளி.
கீறியதும் வீடே இடிந்ததென்று நம்பி
சுண்ணாம்பையெல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டு
கட்ட ஆள் கூப்பிடும்.
அந்தக் களேபரத்தில் யாரும் பார்க்காதபோது
பல் நகர்ந்துகொள்ளும்.
நான்கு மாதம்.
அதன்பின் பூச்சு இறுகிவிடும்.

இப்யூப்ரோஃபென் கூடாது,
பாராசிட்டமால் மட்டும், என்றார் சுன்னிவா.
வீக்கத்தை அடக்காதே.
வேலை செய்வதே அதுதான்.
அதைக் குறிப்பேட்டில் எழுதினேன்.
அன்றிரவு என் சமையலறையில்
ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றேன்.
பல்வலிக்கானது அல்ல அது.

நவம்பர் கடைசியில் சூரியன் போய்விட்டது.
இரண்டு வாரத்துக்கொருமுறை
நெற்றிவிளக்கோடு வந்தான் அவன்,
மீன்கஞ்சியைத் திட்டிக்கொண்டே.
விஞ்சின் கைப்பிடி தட்டிப்போன பல்லின் இடத்தில்
முன்பு சுண்டுவிரல் போகும்.
இப்போது தீக்குச்சி.
சுன்னிவா அளந்தார், மறுபடி அளந்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கீழ்வரிசைக் கோரைப்பல் ஒன்று மட்டும்
வரமாட்டேன் என்றது.
விட்டுவிட்டோம்.

ஜனவரி நடுவில் கம்பியைக் கழற்றி
பின்பக்கம் மெல்லியதாய் ஒன்றை ஒட்டி அனுப்பினோம்.
கெட்டியானதைக் கடிக்காதே,
தூண்டில் நரம்பை, முக்கியமாக.

பிப்ரவரியில் லோஃபோட்டனிலிருந்து ஒரு படம்:
பின்னால் நகக்கீற்று அளவு சூரியன்.
முன்னால் எய்லர்ட்,
முன்பற்களுக்கிடையே நைலான் நரம்பு,
அறுக்கிற நொடி.

சுன்னிவா தன் மொழியில் ஒரு வசவு வைதார்.
பிறகு அந்தப் படத்தை
கைகழுவும் தொட்டிக்கு மேல் ஒட்டினார்.