அரைப்பேர்

நாலே முக்காலுக்கு அலாரம்.
புசல்லாவையில் மழை தொடங்கிப் பதினோராம் நாள்.
அடுப்பு மேட்டில் கிடந்த சொக்ஸைத் தொட்டுப் பார்க்கிறேன்:
ஒன்று சூடு, ஒன்று ஈரம்.
போதும்.

ஜப்பான் கொண்டெய்னரில் வந்த சைக்கிள்.
சட்டத்தில் இன்னும் ஒரு ஸ்டிக்கர்,
யாரோ ஒருவனின் பெயராக இருக்கலாம்,
வாசிக்கத் தெரியாததால் உரிக்கவில்லை.
சங்கிலிக்குத் தையல் மெஷின் எண்ணெய்.
பிரேக் கட்டைக்கு ஒரு மாதச் சீட்டுக்காசு.

பேச முடிகிற வேகத்தில் ஏறு என்கிறது
பயிற்சி அட்டவணை.
இந்த நேரத்தில் யாரோடு பேச?
பார்மசி அலுமாரியில் இருக்கிற வரிசையில்
மருந்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போகிறேன்.
மெட்ஃபோர்மினில் மூச்சு முட்டினால்
ஒரு கியர் இறக்க வேண்டும்.

றம்பொடைச் சுரங்கம் தாண்டியதும் அருவி இரைச்சல்.
அதற்கு மேல் மருந்தும் வராது,
வளைவுகள்தான்.
லீக்ஸ் ஏற்றிய லொறி ஒன்று
என் முழங்காலை உரசுவது போல இறங்கிப் போகிறது.
வெகுதூரம் வரை பச்சை வாசம்.

ஜூலை மாதத்து இரவுகள் பிரான்ஸில் கழியும்.
போன் கண்ணாடியின் விரிசலுக்குப் பின்னால்
நூற்றைம்பது பேர் ஒரு மலையில் ஏறுவார்கள்.
டேட்டா தீர்ந்துவிடும் என்று
கடைசி ஒரு மணித்தியாலம் மட்டும்.
மஞ்சள் சட்டைக்காரனைப் பார்க்க ஊர் உலகமே இருக்கிறது.
என் ஆள் கடைசியில் வருகிறவன்.
கமெரா அவனிடம் போவதேயில்லை.
பட்டியலின் அடியில் ஒரு எண், ஒரு நேரம்,
அவ்வளவுதான் அவன்.

முதலாமவன் வந்த பிறகு ஒரு கணக்கு உண்டு:
இத்தனை நிமிடத்துக்குள் வராவிட்டால்
மறுநாள் கிடையாது.
நேற்று நாற்பத்தொரு செக்கன் பிந்திவிட்டான்.
பதினைந்து நாள் மிதித்த பிறகு.
பெயரை வெட்டிவிட்டார்கள்.

பாய் விரித்துக்கொண்டே சந்திரமலர் கேட்டாள்:
"அரப்பேராவது போட மாட்டாங்களா?"

நேற்று அவளுக்கு அரைப்பேர்.
பதினெட்டு கிலோவுக்குப் பதினெட்டரை எடுத்தாள்.
கொழுந்தில் தண்ணி என்று
தராசடியில் இரண்டைக் கழித்தார்கள்.

அங்கே அரை என்று ஒன்றில்லை என்றேன்.
"அப்ப நம்மள விட மோசம்."
அந்த வெள்ளைக்காரப் பையனுக்காக
நிஜமாகவே கொஞ்சம் வருந்தினாள்.
விளக்கை அணைத்த பிறகு
அட்டை கடித்த கணுக்காலை அவள் சொறிகிற சத்தம்
எனக்கு வெகுநேரம் கேட்டது.

எட்டாம் வளைவு.
நெஞ்சுப்பட்டி நூற்று எழுபத்தாறு காட்டுகிறது.
காலுக்கு முன்னால் முதுகு கெஞ்சுகிறது.
வண்டிக்காரர்களுக்குப் பூ விற்கிற பையன்
குறுக்குப்பாதையில் ஏறி
எனக்கு முன்னால் வந்து நிற்கிறான்.
செருப்பில்லை. மூச்சும் வாங்கவில்லை.
ஒன்பதிலும் நிற்கிறான். பத்திலும்.
"அண்ணே, போன ஞாயிறு இத விட வேகம்."
திட்ட வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது.

லபுக்கலையில் பனி. தேயிலை அவிகிற மணம்.
நாற்பத்தெட்டு நிமிடத்தில் வர வேண்டியது,
நாற்பத்தொன்பது முப்பது.
யாரும் எதையும் வெட்டவில்லை.
ஒரு கறுப்பு நாய் சைக்கிளை முகர்ந்துவிட்டுப் போனது.
வாழைப்பழத்தைத் தோலோடு கடித்துவிட்டேன்,
விரல் மடங்கவில்லை.

இறங்க வேண்டும். எட்டரைக்குக் கடை திறக்கும்.
ஈரத்தில் பிரேக் பிடித்தால்
இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் நிற்கிறது,
அதற்குள் ஒரு லயமே கடந்துவிடும்.

புசல்லாவைக்குக் கிட்ட, ஆறாம் நம்பர் மலையில்
பெண்கள் ஏற்கனவே நிரையில் நிற்கிறார்கள்.
இடுப்பில் கட்டிய பொலித்தீன்,
தலையில் பொலித்தீன்,
மழைக்குள் எல்லோரும் ஒரே ஆள்.
மணி அடித்தேன்.

மூன்று பேர் நிமிர்ந்தார்கள்.
அதில் அவள் யாரென்று பார்ப்பதற்குள்
வளைவு வந்துவிட்டது.