கரிமம்: குறைவு

தேவனாம்பட்டினத்தில் ஒன்றேகால் சென்ட் கொல்லை.
மண்வெட்டி போட்டால் சிப்பி,
நைலான் வலைநூல், ஒற்றைச் செருப்பு,
மறுபடி சிப்பி.
எத்தனை குடம் ஊற்றினாலும் குடித்துவிட்டு
ஊற்றவே இல்லை என்று சாதிக்கும் மணல்.

சாயக் கம்பெனியில் பதினாறு வருஷம்
கழிவுத் தொட்டிக்கு பி.எச். பார்த்தவள் நான்.
ஷிப்டுக்கு மூன்று தடவை.
ஏறினால் அமிலம், இறங்கினால் சுண்ணாம்பு,
எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வை.
அதற்குப் பிறகு அந்த எண்
யார் பேனாவுக்குப் போனது என்று
கேட்பதற்குச் சம்பளம் இல்லை.

மண் பரிசோதனை அட்டை வந்த அன்று
எட்டு புள்ளி ஆறைப் பார்த்ததும்
டியூட்டிக்கு நேரமாச்சு என்று கால் பரபரத்தது.
தழைச்சத்து குறைவு.
மணிச்சத்து, சாம்பல்சத்து நடுத்தரம்.
கரிமம் 0.21.
பக்கத்தில் ஊதா மையில், கோணலாக,
ஒரு ரப்பர் முத்திரை: குறைவு.

கேப்பர் மலைச் செம்மண் ஒரு குட்டியானை லோடு.
"மண்ணுக்கு மண் வாங்குறவள இப்பத்தான் பாக்குறேன்"
என்றார் தணிகைவேல்,
இறக்கி வைக்க மட்டும் எழுந்து வந்தார்.
ஜிப்சம் இரண்டு மூட்டை தூவி
ஐப்பசிக்குக் காத்திருந்தேன்.
உப்பைக் கீழே இறக்க
அவ்வளவு நல்ல தண்ணீர் என்னிடம் ஏது.

கடலூருக்கு மழை அளந்தா வரும்?
நாலு நாள் முட்டியளவு நின்றது.
உப்பு போனது.
செம்மண்ணில் பாதியும் கூடவே போனது,
தெருவெல்லாம் சிவந்து,
எதிர்வீட்டு வாசலில் என் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்
வண்டலாகப் படிந்து கிடந்தது.
முறத்தில் வாரிக்கொண்டு வந்தேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு நெல்லிக்குப்பத்து ஆலைக்கழிவு.
கறுப்பாய், லேசான சர்க்கரை வாடையோடு.
உள்ளே கை விட்டால் சுடுகிறது,
காய்ச்சல்காரன் அக்குள் மாதிரி.
ஆறும்வரை தொடாதே என்றார் லாரிக்காரர்.
வேப்பம்புண்ணாக்கைக் கலந்து
முப்பத்தெட்டு நாள் மூடி வைத்தேன்.

துறைமுகத்தில் மீன் விற்கும் அஞ்சலாட்சி
தலையும் குடலும் வாளியில் கொண்டு வருவாள்.
எடைக்கு எடை வெல்லம்,
நீல டிரம், இறுக்கின மூடி.
மாசத்துக்குக் கிட்டத்தட்ட ஆகும், பொறு என்றாள்.
பதினோராம் நாளே திறந்தேன்.
தெரு மொத்தமும் ஜன்னல் சாத்தியது.
அதோடு விட்டேனா,
மிளகாய்க் கன்றுகளுக்கு அப்படியே ஊற்றினேன்,
ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல்.
மறுநாள் இருபத்திரண்டு கன்றும்
பீடி நுனி மாதிரி கருகி நின்றன.
நீர்க்க வைப்பதையே
பதினாறு வருஷம் தொழிலாகச் செய்தவள்.

அடுத்த வாளியிலிருந்து
லிட்டருக்குப் பத்து மில்லி,
இருமல் மருந்து மூடியில் அளந்து.

தண்டுக்கீரை வந்தது.
கத்தரி வந்து, பூத்து, உதிர்ந்து,
என்னமோ யோசித்து மறுபடி பூத்தது.
ஒரு குடம் ஊற்றினால் இப்போது
கொஞ்ச நேரம் மேலே நிற்கிறது தண்ணீர்,
போகலாமா என்று கேட்கிற மாதிரி.

மாசியில் இரண்டாவது அட்டை.
கரிமம் 0.34.
அதே ஊதா, அதே கோணல்.
இந்த எண்ணை யாரும் அடித்து எழுதவில்லை.
நான்கூட.

"இன்னா போட்டிருக்கு?" வேலியோரம் அஞ்சலாட்சி.
"குறைவுன்னு."
"போன தபாவும் அதானே போட்டிருந்துச்சு?"
"ஆமா. இது வேற குறைவு."

அட்டையை வாங்கித் தலைகீழாய்ப் பார்த்தாள்,
திருப்பித் தந்தாள்.
"இன்னிக்கு சங்கரா தலைதான்" என்று
வாளியை இறக்கி வைத்தாள்.
"மொதல்ல அந்த நாயைத் தொரத்து."