வரிசை எண் 43

மாற்றலாகி வந்த மூன்றாம் நாள்
பட்டியலைக் கையில் கொடுத்தார்கள்.
யார்டில் நிற்பதையெல்லாம் எண்ணி, பெயர் சரிபார்த்து
வெள்ளிக்கிழமைக்குள் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டும்.

டிரான்ஸ்பார்மரை யாருக்கும் தெரியும்,
முனகிக்கொண்டே இருக்கும்.
மற்றதெல்லாம் ஒரே ஜாடை:
பழுப்புப் பீங்கான், அடுக்கடுக்காய்ப் பாவாடை,
காலில் துரு, தலையில் வளையம்.
பெயர்த்தகடுகளை வெயில் பாதி தின்றிருந்தது.

உருவத்தை விடு, கம்பியைப் பார்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்,
ஜல்லி காலுக்கடியில் நொறுநொறுக்க.
ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால் சி.டி.
தலையைத் தொட்டதோடு கம்பி நின்றால்
பி.டி., அல்லது இடிதாங்கி.
இடிதாங்கியின் காலடியில் கடிகாரம் மாதிரி ஒன்று இருக்கும்,
நேரம் காட்டாது.
அடி வாங்கிய கணக்கு மட்டும்: பதினேழு.

நாற்பத்து மூன்றில் மாட்டிக்கொண்டேன்.

மன்னார்குடி லைனில் தொங்குகிறது
ஆள் உயரத்துக்கு ஓர் உருளை, உள்ளே காலி.
கம்பி நுழைகிறது, வெளியேறுகிறது,
ஆனாலும் சி.டி. இல்லை.
மூணாறு தலைப்பில் ஆறு பிரிகிற மாதிரி
கம்பிகள் மூன்று.
ஒன்றுக்கு மட்டும் எதற்கு இந்த ஜிமிக்கி?

பழைய பதிவேட்டில்
ஒருவர் 'காயில்' என்று எழுதியிருக்கிறார்.
அடுத்தவர், 'கூண்டு – 1'.
அதற்கடுத்தவர், 'மேற்படி'.
பிறகு பதினோரு வருடம்
மேற்படி, மேற்படி.

மன்னார்குடிக்கு செல்லில் கூப்பிட்டேன்.
"ரியாக்டரா இருக்கும்" என்றார் இருதயராஜ். பிறகு,
"எங்ககிட்டயும் ஒண்ணு தொங்குது மேடம்.
கண்டுபிடிச்சா சொல்லுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் குறுவை நடவு.
மும்முனை எத்தனை மணிக்கு என்று கேட்க வந்த பாக்கியவதி
சேற்றுக் கையை நெற்றிக்குக் கொடுத்து
அண்ணாந்து பார்த்தாள்.
"ஊத்தாவ ஏன் அங்க கொண்டுபோய் மாட்டுனீங்க?
ஆகாசத்துல கெண்டை ஓடுதா?"
பதிலுக்கு நிற்காமல் வரப்பில் இறங்கிவிட்டாள்.

ஊத்தா.
தண்ணீர் போய்விடும், மீன் நின்றுவிடும்.

அன்றிரவு கையேட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன்.
ஒரே கம்பியில் இரண்டு ஓடுகிறதாம்.
நொடிக்கு ஐம்பது துடிப்பில் ஒன்று,
அவள் போர்செட்டுக்கு.
பல்லாயிரம் துடிப்பில் இன்னொன்று,
நிலையமும் நிலையமும் பேசிக்கொள்ள.
ஊரையே எரிக்கக்கூடியது உருளையைத் தாண்டிப் போகிறது.
பேச்சு மட்டும் அங்கே தட்டி நின்று
பக்கத்துப் பீங்கான் வழியாக இறங்கி
கன்ட்ரோல் ரூம் மூலையில்
பச்சை டெலிபோனுக்குள் வந்து விழுகிறது.
அதன் மேல் யாரோ டிபன் பாக்ஸ் வைத்திருந்தார்கள்.

எடுத்துவிட்டு ரிசீவரைத் தூக்கினேன். சுற்றினேன்.
தூரத்தில் மணி,
நெடுநேரம்.
"யாரு?" என்றது இருதயராஜின் குரல்,
பயந்து போய்,
"இந்த போன் வேலை செய்யுதா?"

43: அலைப்பொறி. எண்ணிக்கை 1. நன்னிலை.
குறிப்புப் பத்தியில் பென்சிலால் 'ஊத்தா' என்று எழுதி
அழிக்காமல் விட்டேன்.

44: தனிப் பீங்கான்.
மேலேயும் கம்பி இல்லை, கீழேயும் இல்லை.
உச்சியில் ஒரு கரிச்சான்.
நாளைக்குப் பார்க்கலாம்.