சட்டத்துக்கு அடியில்

ஸான்பீட் பள்ளத்தாக்கு, மார்ச் மாதச் சேறு, மணி நாலரை.
ஜன்னலில் நின்ற பையன் திரும்பாமலே சொன்னான்:
"ரெண்டு குதிரை. தொப்பி நம்ம ஊர்த் தொப்பி இல்லை."
அவ்வளவுதான்.
கெசியா என் உச்சந்தலையில் கை வைத்து அமுக்கினாள்.
போர்வை கட்டியிருந்த சட்டத்துக்கு அடியில்
நான் மடங்கிப் போனேன்.

ஏழு மாத வயிறு.
யூட்டாவில் அந்த வருஷம்
என்னைப் போன்றவளின் வயிறு ஒரு சாட்சியம்.
வாஷிங்டனில் போட்ட சட்டம் ஒன்று.
பைன் மரத்தில் தச்சன் போட்ட சட்டம் ஒன்று.
இரண்டுக்கும் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, நான்.

எங்கள் இருவருக்கும் புருஷன் ஆனவர்
மூன்று வாரமாய் யாருடைய வைக்கோல் போரிலோ.
எந்தப் போர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
பொய் சொல்லத் தெரியாத டேனிஷ்காரி என்று பெயர் எனக்கு.

நாலு நாற்காலிகள் நெருங்கின.
நாலு பக்கமும் பாவாடைச் சுவர்.

எந்தப் போர்வையையும் அதுவரை
அடியிலிருந்து பார்த்ததில்லை நான்.
மேலே எட்டுமுனை நட்சத்திரம், மஞ்சிட்டிச் சிவப்பு,
கீழே வெறும் மாவுமூட்டைத் துணி.
ஆலைக்காரன் அச்சடித்தது வெளுக்கவில்லை.
எழுத்துக்கூட்டிப் படித்தேன், என் முகத்துக்கு ஒரு சாண் மேலே:
ஐம்பது பவுண்டு. முதல் தரம்.
சிரிப்பு வந்துவிடுமோ என்று கையைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு ஊசிகள் இறங்கத் தொடங்கின.

விரலுறை டக் டக்கென்றால் அது ஹுல்டா.
தயங்கி, துழாவி, மேலேறினால் ஃபிலிண்டா.
ஐம்பத்தாறில் கைவண்டி இழுத்து வந்தபோது
பனி தின்ற விரல்கள் போக மிச்சத்தில் தைப்பவள்.
ஸ்வீட்வாட்டர் ஆற்றோரம் மண் இறுகிக் குழி விழவில்லை;
மகளைப் போர்வையில் சுற்றினாளாம்,
பிறகு அவிழ்த்து
போர்வையைப் பாதியாக வெட்டினாளாம்.
மகன் இன்னும் உயிரோடு இருந்தான்.
அந்தப் பாதியின் நீலம் இதில் எங்கோ இருக்கிறது.
அடியிலிருந்து தெரியாது.

நாலாவது நாற்காலி ட்ருசில்லா.
அவள் தைக்கவே இல்லை, கை நடுங்கியது.
குதிகால் தரையில் தாளம் போட்டது.

பூட்ஸ் சத்தம்.
"காலைத் துடைத்துவிட்டு வாருங்கள்," என்றாள் கெசியா.
துடைத்தார்கள்!
படுக்கையைப் புரட்டினார்கள், உருளைக்கிழங்குக் குழியில் இறங்கினார்கள்.
கடைசியில் ஒருத்தன் சட்டத்தருகே வந்து நின்றான்.
"அந்த டேனிஷ் பெண் எங்கே?"

ஊசிகள் நிற்கவில்லை.
"எங்கே தொலைந்தாளோ," என்றாள் கெசியா.
"தொலைந்தால் எனக்குப் படுக்கை விசாலம்."

அவன் நம்பினான்.
நானும் நம்பினேன்.
அந்தக் குரலில் பொய் ஒரு இழைகூட இல்லை.
ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்பார்கள்;
கோயிலில் என் கையைத் தூக்கி அவர் கையில் வைத்தவள் அவள்.
முதல் மனைவி வைத்தால்தான் செல்லும்.
வைத்த விரல்கள் எவ்வளவு குளிர்ந்திருந்தன என்பது
எனக்கு மட்டும் தெரியும்.

அப்போதுதான் அவள் ஊசி இறங்கியது,
வேண்டியதைவிட ஓர் அங்குலம் ஆழமாக,
என் நெற்றிக்குள்.

மூச்சு விடவில்லை நான்.
ஊசி ஒரு கணம் அங்கேயே நின்றது.
தசையைத் துணி என்று நினைக்கிற கையா அது?
இருபது வருஷமாய் இருட்டிலும் தைக்கிறவள்.
பிறகு மெல்ல மேலேறிப் போனது,
என் ரத்தத்தில் ஒரு பொட்டை
முதல் தரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு.

குதிரைகள் போன பின்
எல்லோரும் குனிந்து தையலைப் பார்த்தார்கள்.
பதினோரு அங்குலம், குடிகாரன் நடந்த தடம் போல.
பிரித்துத் தைக்கலாமா என்றாள் ஹுல்டா.
கெசியா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
என் பக்கம் பார்க்காமலே
ஈரத்துணி ஒன்றை நீட்டினாள்.

மே மாதம் பிள்ளையை ஏந்தி வாங்கியதும் அவள் கைதான்.
அவர் ஆறு மாதம் சிறையிருந்து தாடியோடு வந்தார்.
போர்வை என் கட்டிலுக்கு வந்தது,
யார் கொண்டுவந்து விரித்தார்களோ.

சக்களத்தி, ஒரே ஒரு கேள்வி.
கேட்க மாட்டேன்.
கோணல் தையல் இருக்கும் பக்கத்தை
முகத்தருகே இழுத்துக்கொண்டு தூங்குகிறேன்.
பக்கத்து அறையில்
நீ புரள்வது கேட்கிறது.