யாருடைய கைப்பிடி

பதின்மூன்றாம் மாதம் எங்களுக்கு ஐந்தே நாள்.
அதில் இரண்டாம் நாள்
ஆறு சுண்டெலிகளின் வாலில் மஞ்சள் தீட்டினேன்,
ஒன்றாம் எண்ணுக்கு ஒரு கோடு, ஆறாம் எண்ணுக்கு ஆறு.
வெளியே கோண்டார் மலைச்சரிவெங்கும்
அதே மஞ்சளில் அடெய் பூக்கள்.

என் பெயர் யெஷிஹாரெக்.
ஆயிரம் கொடி என்று பொருள்.
ஆயிரத்தில் எத்தனை நஞ்சு என்று
இதுவரை எவரும் சோதித்ததில்லை.

மூட்டையோடு வந்தவன் ஷிபெஷி.
கொஸ்ஸோ விற்பவள் மகன் என்பது
இந்த ஊரில் பழைய வசவு.
அவன் அதை முகவரி போலச் சொன்னான்.
பெண்மரத்துப் பூ, காய்ந்து செங்கல் நிறம்.
பச்சை இறைச்சி தின்ற ஊர்
குடலில் நாடாப்புழுவோடு அவன் கடைக்கு வரும்.
இப்போது சந்தையில் முத்திரை கேட்கிறார்களாம்.
'பாதுகாப்பானது.'
ஒரு சொல் போதும் அவனுக்கு.

பூவை இடித்து மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்தது தெரிந்து
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான்:
"ஸ்பிரிட்டில் எவன் குடிக்கிறான்?
விடியலில், வெறும் வயிற்றில்,
தண்ணீரில் கரைத்து, கண்ணை மூடிக்கொண்டு."
சரியென்று தண்ணீரிலும் ஒன்று வடித்தேன்.
எவ்வளவு பூ?
"ஒரு கைப்பிடி."
தராசை அவன் பக்கம் திருப்பினேன்.
முதல் பிடி பதினேழு கிராம்.
அடுத்தது இருபத்து மூன்று.
மூன்றாவதற்குக் கூச்சம் வந்து கை சுருங்கியது, பதினொன்று.
பிறகு நான் பிடித்தேன். பிறகு வாயிற்காவலர்;
முன்பு கல்லுடைத்தவர்.
அவர் பிடியில் முப்பத்தொன்பது.

கிலோவுக்கு இரண்டாயிரம் மில்லிகிராம் என்பது விதி.
கிலோ எங்கே இருக்கிறது?
என் கையில் துடிப்பது இருபத்திரண்டு கிராம்.
குழாய் முனை நாக்கின் மேல் வழுக்கி
உணவுக்குழலைத் தேடி இறங்க வேண்டும்.
அவசரப்பட்டால் நுரையீரல்.
அப்புறம் செத்தது பூவால் அல்ல,
என்னால்.

முதல் நான்கு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.
நடுக்கம், மூச்சு, கண்ணீர், மயிர்ச்சிலிர்ப்பு.
தேவாலயத்தில் மத்தளம் மெல்லத் தொடங்கும்போது
என் முழங்கையில் எழுவதும் இதுதான்.
இங்கே அது ஒரு கட்டம்;
உண்டா இல்லையா என்று குறிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் புத்தாண்டு.
சிறுமிகள் வாசல் வாசலாகப் பாடிப் போக
நான் சுண்டெலிகளை நிறுக்க வந்தேன்.
ஆறும் தின்றன. ஆறும் கடித்தன.

பதினோராம் நாள் டார்ச்சை நகர்த்தினேன்.
ஐந்து தலைகள் திரும்பின.
மூன்றாம் எண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வெள்ளைச் சுண்டெலி. பிறவியிலேயே மங்கல் கண்.
இதைப் போய் எழுதுவாயா?" என்றார் டாக்டர் ஃபாசிக்கா.
அவர் சொன்னது சரி.
மற்ற ஐந்தும் வெள்ளைதான் என்பதும் சரி.

பதினான்காம் நாள். தட்டச்சில்: இறப்பு, இல்லை.
அதன் கீழே பேனாவால் நான்:
மூன்றாம் எண், ஒளிக்குத் திரும்பவில்லை.
காரணம் தெரியாது.

ஷிபெஷி விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான்.
"தெரியாது என்று எழுதினால் முத்திரை கிடைக்குமா?"
கிடைக்காது.
"ஒன்றுகூடச் சாகவில்லையே."
சாகவில்லை.
"உனக்கு என்ன, சம்பளம் வந்துவிடும்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
கூண்டுக்குள் சக்கரம் சுற்றும் சத்தம்,
எந்த எண் என்று பார்க்கவில்லை.

மூட்டையின் வாயைக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான்.
கதவருகே போய் நின்று கேட்டான்:
"அந்தக் காவலர் பிடியில் எவ்வளவு என்றாய்?"
முப்பத்தொன்பது.

"போன மழைக்காலம் ஒரு லாரிக்காரர்.
இவ்வளவு பெரிய கை. அவரே அள்ளிக்கொண்டார்.
அப்புறம் வரவே இல்லை.

புழு போய்விட்டது என்றுதான்
நான் நினைத்துக்கொண்டிருந்தேன்."